எப்பொழுது ஆண்டவரே?

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு வாக்குத்தத்த அட்டை இருக்கும். பின்னணியில் ரோஜாப்பூவோ சூரியன் உதிக்கிற மலையோ, அதன் மேல் ஒரு வசனம். "பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்." "நான் உன்னை ஆசீர்வதிப்பேன்." சில சபைகளில் ஐயர் நீட்டும் தட்டிலிருந்து நாமே ஒன்றை எடுக்க வேண்டும் (குருவானவரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வோம்). எடுத்ததும் தெருவிளக்கு வெளிச்சத்தில் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வோம். யாருக்கு வீடு கட்டுகிற வசனம், யாருக்குக் கல்யாண வசனம் என்று ஒரு பேச்சு ஓடும். மத்தேயு 25:41 வந்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. "சபிக்கப்பட்டவர்களே, என்னைவிட்டு" என்று ஆரம்பிக்கும் வசனத்தை ரோஜாப்பூ மேல் அச்சடிக்க எந்த அச்சகத்துக்கும் மனசு வராது.

ஆனால் அதே ஜனங்கள்தான் ஞாயிறுதோறும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்கிறோம். உயிரோடிருக்கிறவர்களையும் மரித்தவர்களையும் நியாயந்தீர்க்க அவர் திரும்ப வருவார் என்பது அதில் ஒரு வரி. மூச்சுவிடாமல் அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விடுவோம். சின்ன வயதில் மனப்பாடம் செய்தது. வாய் பாட்டுக்குச் சொல்லும், காது கவனிக்காது.

நியாயத்தீர்ப்பை நாங்கள் இரண்டு விதமாகச் சமாளித்து வந்திருக்கிறோம். ஒன்று, இப்படி மறந்துவிடுவது. இன்னொன்று, பயந்து நடுங்குவது. நடுங்க வேண்டுமென்றால் மே மாதக் கன்வென்ஷனுக்கு, அதாவது ராத்திரிப் பிரசங்கக் கூட்டங்களுக்கு, போக வேண்டும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்களில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓலைப் பந்தல், டியூப் லைட்டைச் சுற்றும் பூச்சி, பனைமரத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர். மேடைக்குப் பின்னால் ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை வரைந்த நீளமான துணிப்படம் தொங்கும். இடதுபக்கம் ஏதேன் தோட்டம், வலதுபக்க ஓரத்தில் அக்கினிக்கடல். பிள்ளைகளுக்கென்று தனியாக இருதயப் படம் உண்டு. ஒரு மனுஷனின் இருதயத்துக்குள் மயில், வெள்ளாடு, பன்றி, ஆமை, புலி, பாம்பு, தவளை எல்லாம் உட்கார்ந்திருக்கும். மயில் பெருமை, புலி கோபம், ஆமை சோம்பல். ஜெர்மனியில் கோஸ்னர் என்ற போதகர் 1812இல் வெளியிட்ட படங்கள், எங்கெங்கோ சுற்றி எங்கள் ஓய்வுநாள் பள்ளிச் சுவருக்கு வந்து சேர்ந்தவை. அதில் அந்த ஆமையைப் பார்த்தால் மட்டும் எனக்கு எப்போதும் பாவமாக இருக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் இரகசிய வருகைதான். கர்த்தர் யாருக்கும் தெரியாமல் வந்து பரிசுத்தவான்களை எடுத்துக்கொண்டு போய்விடுவார், மற்றவர்கள் கைவிடப்படுவார்கள். வயலில் இரண்டு பேர் இருந்தால் ஒருவன் ஏற்றுக்கொள்ளப்படுவான், ஒருவன் கைவிடப்படுவான். இந்தப் போதனை எங்கள் ஊர்களுக்கு ஆதியில் வந்ததே இல்லை. லுத்தரன்காரர்களும் ஆங்கிலிக்கன்காரர்களும் கொண்டுவந்த ஞானோபதேசத்தில் அது கிடையாது. 1830களில் இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் பிரதரன் கூட்டத்தாரிடையே ஜான் நெல்சன் டார்பி வகுத்துக் கொடுத்த கணக்கு அது. 1909இல் வந்த ஸ்கோஃபீல்டு விளக்க வேதாகமம் அதை உலகமெல்லாம் கொண்டுபோனது. நெல்லைக்கும் அந்தப் பிரதரன் கூட்டத்துக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. இங்கிலாந்தின் எக்ஸிடரில் பல் மருத்துவராக இருந்து, சொத்தையெல்லாம் விட்டுவிட்டு, பாக்தாத் கொள்ளைநோயில் மனைவியைப் பறிகொடுத்து, 1833இல் இந்தியாவுக்கு வந்தவர் ஆந்தனி நாரிஸ் குரோவ்ஸ். அவரோடு சேர்ந்து ஊழியம் செய்தவர் நம் திருநெல்வேலி அருளப்பன். 1860இல் அருளப்பன் நடத்திய எழுப்புதலில் ஜனங்கள் நடுங்கி விழுந்து, மார்பில் அடித்துக்கொண்டு பாவ அறிக்கை செய்தார்கள். எங்கள் பக்கத்தில் பக்தி என்றால் நடுக்கம் என்று ஒரு எண்ணம் இருப்பதற்கு வேர் அங்கேயும் கொஞ்சம் இருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

இரகசிய வருகைக்கு ஆதாரமாகக் காட்டும் 1 தெசலோனிக்கேயர் 4:16இல் கர்த்தர் ஆரவாரத்தோடும், பிரதான தூதனுடைய சத்தத்தோடும், தேவ எக்காளத்தோடும் இறங்கி வருகிறார். இதில் எது இரகசியம் என்று இன்றுவரை எனக்கு யாரும் விளக்கவில்லை. அதை விடுங்கள்.

பத்து வயசில் இந்த விளக்கமெல்லாம் ஏது? பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீடு திறந்து கிடக்கும், உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள். அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருக்கும். அவ்வளவுதான், வருகை நடந்துவிட்டது, நான் கைவிடப்பட்டேன் என்று அடிவயிறு கலங்கும். உடனே ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு வாசலில் எட்டிப் பார்ப்பேன். அங்கே பெரியம்மா இருப்பாள். முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள். அப்பாடா என்று இருக்கும். அம்மாவை எடுத்துக்கொள்ளாமல் விடலாம், ஐயரைக்கூட விடலாம், பெரியம்மாவை விட்டுவிட்டு ஒரு வருகை நடக்காது என்பது என் கணக்கு. "என்னய்யா மூச்சு வாங்குது, நாய் வெரட்டுச்சா?" என்பாள்.

பெரியம்மாவுக்குத் தனியாக ஜெப அறை எதுவும் கிடையாது. ஆவியில் நிறைந்து அந்நியபாஷை பேசியதில்லை. கன்வென்ஷனுக்கு வருவாள், நடுவிலேயே தூங்கிவிடுவாள். அவளிடம் ஒரு மஞ்சள் பை உண்டு. யாராவது ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் அந்தப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். பையில் ஒரு நகவெட்டி, ஒரு சீப்பு, சின்ன பாட்டிலில் தேங்காயெண்ணெய், வெட்டிய நகத்தைப் போட்டுக் கொண்டுபோக ஒரு பழைய செய்தித்தாள் துண்டு. இவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகிறவர்களில் பல தினுசு உண்டு. ஹார்லிக்ஸ் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்காரருக்கு இதே நோய் வந்து எப்படிச் செத்தார் என்று விவரிக்கிறவர்கள் ஒரு வகை. கட்டிலைச் சுற்றி நின்று, வார்டு முழுக்கக் கேட்கும்படி ஜெபித்து, "ஏதாவது மறைவான பாவம் இருந்தா அறிக்கை பண்ணிருங்க" என்று பக்கவாதம் வந்தவரிடம் சொல்கிறவர்கள் இன்னொரு வகை. பெரியம்மா போனால் முதலில் நோயாளியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வாள். கட்டிலில் கிடப்பவருக்கு நகம் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பது ஊசி போடுகிறவர்களுக்கும் தெரியாது, கூட இருக்கும் மகனுக்கும் தெரியாது. கட்டை விரலில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக வெட்டுவாள். பிறகு கால். வெட்டின துண்டு ஒன்று தரையில் விழுந்தாலும் குனிந்து பொறுக்கிவிடுவாள், துப்புரவு செய்கிற பெண் திட்டுவாளே என்று. அப்புறம் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிவிடுவாள். நடுவில் பேச்சு என்றால் மழை, கருப்பட்டி விலை, யார் வீட்டில் பசு கன்று போட்டது. கிளம்பும்போது ஒரு வரி ஜெபம். சில நாள் அதுவும் மறந்துபோகும்.

மத்தேயு 25ஐ நான் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தது பெரியம்மாவை வைத்துத்தான். காட்சி எல்லாருக்கும் தெரிந்ததே. மனுஷகுமாரன் மகிமையின் சிங்காசனத்தில் உட்காருகிறார். சகல ஜனங்களும் முன்னால் நிற்கிறார்கள். மேய்ப்பன் செம்மறியாட்டையும் வெள்ளாட்டையும் பிரிக்கிறதுபோலப் பிரிக்கிறார், செம்மறி வலதுபக்கம், வெள்ளாடு இடதுபக்கம். (எங்கள் ஊரில் வெள்ளாட்டுக் கறிக்குத்தான் மவுசு. அதை ஏன் இடதுபக்கம் தள்ளினார் என்று ஓய்வுநாள் பள்ளியில் கேட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.) "பசியாயிருந்தேன், எனக்குப் போஜனங்கொடுத்தீர்கள், தாகமாயிருந்தேன், என் தாகத்தைத் தீர்த்தீர்கள், அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்." அப்புறம் வஸ்திரம், வியாதி, காவல். மொத்தம் ஆறு. "மிகவும் சிறியவராகிய என் சகோதரரான இவர்களில் ஒருவனுக்கு" செய்ததெல்லாம் தனக்கே செய்தது என்கிறார் ராஜா.

நம் பிரசங்கங்கள் பெரும்பாலும் இந்த ஆறோடு முடிந்து, காணிக்கைப் பாட்டுக்குப் போய்விடும். எனக்கு அந்த ஆறைவிட, இரண்டு பக்கத்தாரும் திருப்பிக் கேட்கிற கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. வலதுபக்கம் நிற்கிறவர்களும் கேட்கிறார்கள், இடதுபக்கம் நிற்கிறவர்களும் கேட்கிறார்கள்: ஆண்டவரே, எப்பொழுது? நாங்கள் எப்பொழுது உம்மைப் பசியாகக் கண்டோம்? இரண்டு பக்கத்துக்குமே அதிர்ச்சி. ஒரு பக்கத்துக்குச் செய்தது ஞாபகமில்லை, இன்னொரு பக்கத்துக்குச் செய்யாதது ஞாபகமில்லை. இடதுபக்கத்தாரின் கேள்விக்குள் ஒரு சமாதானமும் ஒளிந்திருக்கிறது: நீர் என்று தெரிந்திருந்தால் செய்திருப்போமே! யாருக்குச் செய்தால் லாபம் என்று முன்னாலேயே சொல்லியிருக்கலாமே!

பெரியம்மாவிடம் ஒருநாள் கேட்டேன், இதுவரை எத்தனை பேருக்கு இப்படி நகம் வெட்டியிருப்பாய் என்று. அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. "அத எவன் எண்ணுவான், வேற சோலி இல்லாம?" என்றாள்.

நியாயத்தீர்ப்பை நினைத்துக்கொண்டு அன்றாடம் வாழ்வது என்றால் புண்ணியக் கணக்கு எழுதுவது என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். பிச்சை போட்டால் வரவு, பொய் சொன்னால் பற்று, ராத்திரி படுக்கும்முன் ஐந்தொகை. கணக்கு எழுதுகிறவனுக்கு அந்தச் சிங்காசனத்தின் முன்னால் "எப்பொழுது ஆண்டவரே" என்று கேட்க முடியாது. அவன் கையில்தான் தேதிவாரியாக நோட்டு இருக்குமே.

வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் அம்மா அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போடுவாள். கைப்பிடி அரிசி. சபைக்கு, ஏழைகளுக்கு, ஊழியத்துக்கு. வடகிழக்கில் மிசோரம் சபைகளிலும் பெண்கள் 1910 முதல் இதையே செய்துவருகிறார்கள். பழகிப்போன கை அது. ஒரு பிடி எடுத்துவிட்டுத்தான் அரிசியைக் களையும். எடுத்தோமா இல்லையா என்று அம்மாவுக்கே சில நாள் சந்தேகம் வந்து இன்னொரு பிடி போடுவாள். விசுவாசம் என்பதை நான் புரிந்துகொள்வது இப்படித்தான், கைக்குப் பழகிப்போவது என்று.

என் அத்தான் ஒருவர் பெந்தெகொஸ்தே சபையில் மூப்பர். இதைச் சொன்னால் சிரிப்பார். "மாப்ளே, கிரியையினால இரட்சிப்பு கிடையாது. எபேசியர் 2:8 படிக்கலியா?" படித்திருக்கிறேன். கிருபையினாலே, விசுவாசத்தைக்கொண்டு. அடுத்தடுத்து 10ஆம் வசனம் வரைக்கும் அவரும் படிக்கலாம், நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்று அங்கே இருக்கிறது. இந்தச் சண்டையில் ஐரோப்பா இரண்டாக உடைந்தது. லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் ரோமாபுரியும் சேர்ந்து உட்கார்ந்து, விசுவாசத்தால் நீதிமானாக்கப்படுவது பற்றி ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட 1999 அக்டோபர் 31 வரை ஆனது. அத்தானையும் என்னையும் சமாதானப்படுத்த அந்த அறிக்கை போதவில்லை. ஆனாலும் அவரிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்று நிற்கிறது: அந்தச் சிங்காசனத்தின் முன்னால் ஞானஸ்நானம் முழுக்கா தெளிப்பா என்று ஒரு கேள்வியும் இல்லையே, ஏன்? அவர், "சிறிய சகோதரர்" என்றால் விசுவாசிகள்தான், ஊழியக்காரருக்குத் தண்ணீர் கொடுத்தவர்களைத்தான் சொல்கிறது என்பார். அப்படி வாசிக்கிற வேத பண்டிதர்களும் இருக்கிறார்கள்தான். எனக்கு அது, வாசலில் நிற்கிறவனிடம் எந்தச் சபை என்று கேட்டுவிட்டுச் சோறு போடுகிற வேலையாகத் தெரிகிறது. கலாத்தியர் 5:6 எங்கள் இருவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசம்.

"அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்" என்ற வரியிடம் எங்களுக்குத் தனியாக ஒரு கடன் உண்டு. எங்கள் ஊர்கள் பல அந்த வரியால் உண்டானவை. கிறிஸ்தவர்களானதால் சொந்த ஊரில் இருக்க முடியாமல் போனவர்களுக்காகத் தேரிக்காட்டில் நிலம் வாங்கி, கிணறு வெட்டி, 1799இல் தாவீது சுந்தரானந்தம் உண்டாக்கியது முதலூர். பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயர் 1830இல் தருமச் சங்கம் ஆரம்பித்ததும் இதற்காகத்தான். துரத்தப்பட்டவர்கள் குடியேற நிலம் வாங்க வேண்டும். 1876 முதல் 78 வரை தாது வருஷப் பஞ்சம் அடித்தபோது திக்கற்றுப்போன பிள்ளைகளுக்கு நாசரேத்தில் விடுதி எழும்பியது. வீடு எரிந்து, மாடு பறிபோய், தலையில் ஒரு மூட்டையோடு வந்து நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். இன்று அதே ஊர்களில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் முதல் கேள்வி "நீங்க என்ன ஆளுங்க?" பீகாரிலிருந்து வந்து கட்டட வேலை செய்கிற பையன்களுக்குக் கோழிக்கூடு போல ஒரு தகரக் கொட்டகை. அங்கே ஒரு பையன் காய்ச்சலில் கிடந்தால் யார் போய்ப் பார்க்கிறோம்?

பிரிக்கிற வேலையைக் கர்த்தர் கடைசி நாளுக்கென்று வைத்திருக்கிறார். நமக்குத்தான் பொறுமை இல்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கரின் கல்லறைகளையும் மற்றவர்களின் கல்லறைகளையும் பிரித்து ஒரு சுவர் நின்றதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். எக்காளம் ஊதும்போது எழுந்திருக்கக் காத்துக் கிடக்கிறவர்களுக்கு நடுவில் ஒரு சுவர். 2003 நவம்பரில் போப் இரண்டாம் ஜான் பால் தமிழ்நாட்டு ஆயர்களை நேரில் வைத்துக்கொண்டே சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். அது ஆர்.சி. விஷயம் என்று சி.எஸ்.ஐ.காரர்கள் (தென்னிந்தியத் திருச்சபையார்) நாம் பக்கத்தைத் திருப்பவும் முடியாது. கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை உடனே, அடியோடு விட்டுவிட வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்குக் கடிதம் எழுதியது 1833இல். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் மணமகள் தேவைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். "பக்தியுள்ள, இரட்சிக்கப்பட்ட" என்று ஆரம்பித்து அடுத்த சொல்லிலேயே சாதிப் பெயர் வந்து நிற்கும்.

கல்லறை என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மத்தேயுவில் ஆறுதான், ஆனால் கத்தோலிக்கர்கள் ஏழாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள், மரித்தோரை அடக்கம் செய்வது. தோபித்து ஆகமத்திலிருந்து வந்தது. நம் வேதாகமத்தில் அந்தப் புத்தகம் இல்லை. இல்லாவிட்டாலும் எங்கள் ஊர்களில் அதை ஒரு குறையும் வைக்காமல் செய்வோம். கோயில்பிள்ளை (ஆலயப் பணியாள்) துக்கமணி அடித்த கொஞ்ச நேரத்தில் குழி வெட்ட ஆள் போயிருக்கும், பந்தல் எழும்பியிருக்கும், பேசாமல் இருந்த பங்காளிகூட வந்து பெஞ்சு தூக்குவான். 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்க விடாமல் ஒரு கூட்டம் கல்லால் அடித்தது. கூட வேலை பார்த்த இன்னொரு மருத்துவர் ராத்திரியில் மண்வெட்டியைக் கையில் எடுத்துக் குழியை மூடினார். அவருக்கு எந்த மதம் என்று எனக்குத் தெரிந்துகொள்ளத் தோன்றவில்லை.

இந்த உபதேசம் எங்கே முடிகிறது, அடுத்து என்ன வருகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? ஆடுகளின் கதையைச் சொல்லி முடித்த கையோடு, மத்தேயு 26இன் ஆரம்பத்தில், இரண்டு நாளைக்குப்பின்பு பஸ்கா வருகிறது, அப்போது மனுஷகுமாரன் ஒப்புக்கொடுக்கப்படுவார் என்கிறார். சிங்காசனத்தில் உட்கார வேண்டியவர் இரண்டே நாளில் பிலாத்துவின் நியாயாசனத்துக்கு முன்னால் நிற்கிறார். காவலில் இருக்கிறார், பார்க்கப் போன பேதுரு முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டே "அந்த மனுஷனை அறியேன்" என்கிறான். வஸ்திரத்தை உரிந்து சீட்டுப் போடுகிறார்கள். தாகமாயிருக்கிறேன் என்று வாய்விட்டுக் கேட்கிறார், காடி கிடைக்கிறது. அந்த ஆறு பாடத்தையும் கேட்டவர்கள் ஒருவரும் பரீட்சைக்கு வரவில்லை. வந்தவன் அரிமத்தியா ஊர் யோசேப்பு. அவன் வந்ததோ, நம் வேதாகமத்தின் பட்டியலில் இல்லாத அந்த ஏழாவதற்கு, தனக்கென்று வெட்டி வைத்த புதுக் கல்லறையைக் கொடுப்பதற்கு. நம்மை நியாயந்தீர்க்கப் போகிறவர் ஏற்கெனவே ஒருமுறை தீர்ப்புக்கு உள்ளானவர் என்பதை விட்டுவிட்டு நியாயத்தீர்ப்பைப் பிரசங்கிக்கிறவர்கள் பாதிச் சங்கதியைத்தான் சொல்கிறார்கள். "பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்" என்று யோவான் எழுதியது பொதுவான ஆறுதல் வார்த்தை என்று நினைத்திருந்தேன். அதற்கு முந்தின வசனமே நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றித்தான். அந்த நாளில் நமக்குத் தைரியம் உண்டாகும்படி, என்கிறார்.

பயம் முழுக்கப் போய்விட்டதா என்றால், இல்லை. போகவும் கூடாது என்று நினைக்க வைத்தது எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு காரியம்.

பெரியப்பாவின் தம்பி, எனக்குச் சித்தப்பா முறை, ஆயுள் தண்டனைக் கைதி. வரப்புத் தகராறு. கைகலப்பில் ஒருவர் செத்துப்போனார். சித்தப்பா செய்யவில்லை என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. செத்தவரின் மனைவி அதே சபைதான், முன்வரிசையில் உட்காருகிறவர். தீர்ப்பு வந்த வாரமே பெரியம்மா அந்த வீட்டு வாசலுக்குப் போனாள். அந்த அம்மா கதவைத் திறக்கவில்லை, இன்றுவரை திறக்கவில்லை. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. மன்னிப்பு, மன்னிப்பு என்று அவரை நெருக்குகிற ஊழியக்காரர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வரும். அந்த அம்மாவுக்கு நியாயத்தீர்ப்பு பயமுறுத்தும் படம் அல்ல. தன் புருஷனின் ரத்தத்தைக் கேட்க ஒருவர் இருக்கிறார், அது கணக்கில் இல்லாமல் போகாது என்கிற பிடிமானம். வெளிப்படுத்தலில் பலிபீடத்தின் கீழிருந்து "எதுவரைக்கும்" என்று கூப்பிடுகிற ஆத்துமாக்களின் குரல் அவருடையதும்தான். அக்கினிக்கடல் என்று சொன்னதும் முகம் சுளிக்கிற என் போன்றவர்கள் அந்த முன்வரிசையையும் ஒருதரம் பார்க்க வேண்டும்.

சித்தப்பாவின் பேரை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. சித்தி பிள்ளைகளோடு தனியாகப் போய்விட்டாள். பாளையங்கோட்டைச் சிறையில் அவருக்கு மனு போட்டுப் பார்க்கிற ஒரே ஆள் பெரியம்மா. இப்போது அவளுக்கு முட்டுவலி, பஸ்ஸில் தனியாக ஏற முடியாது. அதனால் நான் கூடப் போகிறேன். ஆதார் நகல், மனுச் சீட்டு, காத்திருப்பு எல்லாம் முடிந்து கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவர் வந்து நிற்கும்போது சுற்றிலும் ஒரே இரைச்சல். எல்லாரும் கத்திப் பேசுகிறார்கள். இந்த முறை மஞ்சள் பையை வெளியிலேயே வைத்துவிட்டுத்தான் போனோம். நகவெட்டியை உள்ளே விட மாட்டார்கள்.

"கொசு கடிக்கா தம்பி?"

"கடிக்கி மைனி. பழகிட்டு."

அவர் உள்ளே போய்த்தான் வேதாகமம் படிக்க ஆரம்பித்திருக்கிறார். கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டுக் கேட்டார்: "மைனி, காவலிலிருந்தேன்னு போட்டிருக்குல்லா, அது தப்பே பண்ணாம உள்ள கெடக்கவனுக்கு மட்டுந்தானா?"

பெரியம்மா காதுக்குப் பின்னால் கையை வைத்து, இரண்டாம் முறை கேட்டபிறகுதான் புரிந்துகொண்டாள். "எதுக்கு உள்ள இருந்தாருன்னு அதுல ஒண்ணும் எழுதலியே" என்றாள். அப்படியே, "ராத்திரி வெளிச்சத்துல படிக்காத, கண்ணு கெட்டுப்போவும்" என்றாள்.

கண் ஏற்கெனவே கெட்டுத்தான் இருக்கிறது. எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிகிறதாம். கண்ணாடி வேண்டும் என்றார். கண்ணாடி உள்ளே கொடுக்கத் தனியாக அனுமதி கேட்க வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்வேன். பவர் என்ன என்று அவருக்கு ஞாபகமில்லை. பழைய கண்ணாடிச் சீட்டு சித்தி வீட்டுப் பீரோவில் துணிக்கு அடியில் இருக்கும் என்கிறார். சித்தியிடம் யார் போய்க் கேட்பது என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பெரியம்மாவும் நானும் பேசிக்கொண்டே வந்தோம். இன்னும் முடிவாகவில்லை.